எதிர்ப்பக்கத்து விலை

டிரைவிங் மாஸ்டருக்கு அந்த வட்டாரத்து டிரைவர்கள் வைத்திருந்த பெயர் சொட்டு மாஸ்டர். பங்க்கில் பெட்ரோல் போட்டு முடித்து ஊழியர் குழாயை எடுக்கப் போகும்போது, "ஒரு நிமிஷம்" என்று இவரே இறங்கிப் போய்க் குழாயை மூன்று முறை உதறுவார். கடைசிச் சொட்டு டேங்குக்குள் விழுந்த சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் மூடியைத் திருகுவார். அந்தப் பெயர் தனக்கு இருப்பது அவருக்குத் தெரியும். அதில் அவமானப்பட என்ன இருக்கிறது என்பது அவருக்குப் புரியவில்லை.

அவருடைய பள்ளி ஒரே ஒரு அறை, ஒரே ஒரு கார். அறையில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் போனும் அவர் மனைவியும், சுவரில் போர்வை அகலத்துக்கு நகரத்தின் வரைபடம். வரைபடத்தில் அறுபத்தொரு குண்டூசிகள் குத்தியிருந்தன. ஒவ்வொரு ஊசியும் ஒரு பெட்ரோல் பங்க். பச்சைத் தலை என்றால் விலை குறைவு, சிவப்புத் தலை என்றால் அதிகம். நகரத்தில் இடத்துக்கு இடம் விலை மாறும். விமான நிலையத்துச் சாலையில் கொள்ளை விலை, ரயில்வே குடோன் பக்கம் இரண்டு காசு குறைவு, சிமெண்ட் ஆலைக்குப் பின்னால் மூன்று காசு குறைவு. அந்தப் பங்க்கில் மட்டும் குழாயில் பெட்ரோல் மெதுவாக வரும்.

மாஸ்டர் பாடம் நடத்தும் பாதையை ஊசிகளை வைத்துத்தான் தீர்மானித்தார். திங்கட்கிழமை ரயில்வே குடோன் மலிவு என்றால் அன்றைக்கு எல்லாருக்கும் மேம்பாலம் ஏறும் பாடம். சிமெண்ட் ஆலை மலிவு என்றால் குறுகலான தெருவில் திருப்பும் பாடம். அவரிடம் படித்தவர்களுக்கு ரிவர்ஸ் வரும், மேட்டில் நிறுத்தி எடுக்க வரும். ஆனால் வழி என்று பார்த்தால் பெட்ரோல் பங்க்குக்குப் போகும் வழி மட்டும்தான் தெரியும். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், லைசென்ஸ் வாங்கி முதல் நாள் தனியாக ஆபீசுக்குக் கிளம்பி, குடோன் பங்க்கில் மூன்றாவது பம்பு முன்னால் போய் நின்றார். தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது ஊழியர் வந்து "எவ்வளவு சார்?" என்று கேட்டபோதுதான்.

மாஸ்டரின் மனைவிக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது.

"மூணு காசு மிச்சம் பண்ண பதினாலு கிலோமீட்டர் போறீங்க. போறதுக்குப் பெட்ரோல் ஆகாதா?"

"போறது பாடம். பாடம் எப்படியும் நடக்கணும். பாடம் போற வழியில பங்க் இருக்கு."

"ஒரு மணி நேரப் பாடத்துக்குத்தானே ஃபீஸ் வாங்குறோம்? நீங்க வர்றதுக்கு ஒன்றரை மணி ஆகுதே."

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "அது விளம்பரம்" என்றார்.

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பதில் சரியாக இருந்தது என்பதால் அல்ல.

அந்த வருடம் தையல்காரம்மா வந்து சேர்ந்தார். இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்தவர், வயது ஐம்பத்திரண்டு. கணவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்து, வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டு வாசலில் கார் துணி போர்த்தி நின்றது. வாரத்துக்கு இரண்டு முறை அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

"அவர் என்ன சொல்றார்?" என்று மாஸ்டரின் மனைவி ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்.

"இந்த வயசுல உனக்கு எப்படி வரும்னு சொல்றார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உனக்குத்தான் கண்ணு தெரியாதே, வருதா வரலையான்னு நீ எப்படிப் பார்ப்பேன்னு கேட்டேன்."

மனைவி ஃபாரத்தில் வயதை எழுதிவிட்டு, அட்வான்ஸ் வாங்காமலேயே ரசீது போட்டாள்.

தையல்காரம்மாவுக்குக் கால் முதல் நாளே சொன்ன பேச்சைக் கேட்டது. முப்பது வருடம் தையல் மெஷினை மிதித்த கால். மற்றவர்கள் இரண்டு வாரம் குதித்துக் குதித்துப் பழகும் ஹாஃப் கிளட்ச் அவருக்கு முதல் மணி நேரத்திலேயே வந்துவிட்டது. தொல்லை கண்ணில்தான். ஊசிக்கு முன்னால் இருக்கும் துணியைப் பார்ப்பது மாதிரி, பானெட்டுக்கு முன்னால் இருக்கும் ஒரு முழம் ரோட்டை மட்டும் பார்ப்பார். தலையைத் தூக்கினால் தையல் கோணிவிடும் என்று பயந்தவர் போல ஓட்டுவார். இன்னொன்று, ஓட்டும்போது வாயைத் திறக்கமாட்டார். கேட்டதற்குப் பதில்கூட வண்டி நின்ற பிறகுதான் வரும். மாஸ்டருக்கு இது பிடித்திருந்தது. அவருக்கு வாய்த்த மாணவர்கள் பெரும்பாலும் பேசிக்கொண்டே போய் எதன் மேலாவது ஏற்றுபவர்கள்.

ஆறாவது பாடத்தில் அவரைச் சுற்றுச்சாலைக்குக் கூட்டிப் போனார். சிமெண்ட் ஆலைக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது.

"வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டு, லேன் மாறுங்கம்மா."

தையல்காரம்மா இண்டிகேட்டர் போட்டார். லேன் மாறவில்லை. வலது பக்கத்தில் ஒரு லாரி, அதன் பின்னால் இன்னொரு லாரி, அதன் பின்னால் பஸ். திருப்பம் போய்விட்டது.

"பரவாயில்லை, அடுத்த திருப்பத்துல மாறுங்க."

அடுத்த திருப்பமும் போயிற்று. அதற்கு அடுத்ததும் போயிற்று. வலது இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்க, கார் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அடுக்குமாடி வீடுகள் முடிந்தன. குடோன்கள் முடிந்தன. ஒரு கண்ணாடித் தொழிற்சாலை வந்து அதுவும் முடிந்தது. நாற்பது நிமிடம் கழித்து, மாஸ்டர் இதுவரை வந்தேயிராத ஒரு நான்கு வழிச் சாலையில், நடுவில் இடுப்பளவுக்குச் சிமெண்ட் தடுப்பு ஓட, இடது பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கும் அதற்கு நேர் எதிரே வலது பக்கம் இன்னொன்றும் நின்றன. இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கூரை, ஒரே மாதிரித் தூண்கள்.

மாஸ்டர் விலைப் பலகையைப் பார்த்தார். நகரத்து விலையைவிட ஒன்பது காசு குறைவு. பலகை பழுது என்று நினைத்தார். எதிர்ப் பங்க்கின் பலகையைப் பார்த்தார். அதிலும் எட்டு காசு குறைவு. இரண்டு பலகை ஒரே நேரத்தில் பழுதாகாது.

"இடது பக்கம் உள்ள விடுங்க" என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இடது பக்கம் திரும்புவதில் தையல்காரம்மாவுக்குச் சிரமம் இல்லை.

அங்கே பம்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர்தான் முதலாளி. அறுபது வயதிருக்கும். மாஸ்டர் டேங்க் நிறையப் போடச் சொல்லி, வழக்கப்படி குழாயை உதறி முடித்து, இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எதிர்ல இருக்கானே, அவனைக் கேளுங்க" என்றார் பெரியவர்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி நடுத் தடுப்பில் ஒரு இடைவெளி இருந்தது. தையல்காரம்மா திரும்ப மறுத்ததால் அன்றைக்கு மாஸ்டரே ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். திரும்பி வரும் வழியில் எதிர்ப் பங்க்கில் நிறுத்தி, டேங்க் நிறைந்திருந்தபடியால் கண்ணாடி துடைக்க மட்டும் தண்ணீர் கேட்டார். அங்கே இருந்த முதலாளிக்கு ஐம்பத்தைந்து வயது. அதே மூக்கு, அதே நாற்காலி.

"அங்க போட்டுட்டு இங்க தண்ணி கேக்குறீங்க" என்றார் அவர். கோபமில்லாமல், கணக்கு சொல்வது போலச் சொன்னார்.

இரண்டு பேரும் அண்ணன் தம்பி. அப்பா சாலையின் இரண்டு பக்கமும் பங்க் வைத்து, ஆளுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுப் போனார். டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் மட்டும் ஒன்றுதான் இருந்தது, அது அண்ணன் பக்கம் நின்றுவிட்டது. அதில் தொடங்கிய மனஸ்தாபம் பதினோரு வருடம் பேச்சில்லாமல் ஓடிற்று. போன மாசி தம்பியின் பெண்ணுக்குக் கல்யாணம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்ணனுக்குத் தம்பி பத்திரிகையைத் தபாலில் அனுப்பினார். நேரில் கொடுத்தால் வாங்கமாட்டார் என்று பயம். தபாலில் வந்ததால் அண்ணன் போகவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் தம்பி லிட்டருக்கு ஒரு காசு இறக்கினார். அதற்கு மறுநாள் அண்ணன் இரண்டு காசு இறக்கினார். இதெல்லாம் மாஸ்டருக்கு மூன்றே வாரத்தில், இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாகத் தெரிந்தது.

ஏனென்றால் அவர் அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் அங்கே போனார். தையல்காரம்மாவுடைய பாடம் எல்லாமே அந்தச் சாலையில்தான். வரைபடம் அந்த இடம்வரை நீளவில்லை. வரைபடத்துக்கு வெளியே, சுவரிலேயே ஒரு பச்சை ஊசியைக் குத்தினார். சுவர்ப் பூச்சு பெயர்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மனைவி துடைப்பத்தை எடுத்து வந்து கூட்டிவிட்டுப் போனாள்.

அண்ணன் தம்பிக்கு எதிர்ப்பக்கத்து விலை கண்ணுக்குத் தெரியும். எதிர்ப்பக்கத்து மனசுதான் தெரியாது. இரண்டு பக்கமும் வந்து போகும் ஆள் என்று அவர்களுக்கு வாய்த்தவர் மாஸ்டர் ஒருவர்தான். அதனால் இரண்டு பேரும் அவரிடம் கேட்டார்கள்.

"என்ன சொல்றான்? இன்னும் இறக்குவானா?"

"அண்ணன் என்ன சொல்றார்? கை கடிக்குதுன்னு சொன்னாரா?"

முதலில் மாஸ்டர் கேட்டதை மட்டும் சொன்னார். விலை நகரத்தைவிடப் பதினோரு காசு குறைவாகி, பிறகு பதின்மூன்று காசு குறைவானது. ஒரு வெள்ளிக்கிழமை தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "இதுக்கு மேல முடியாது மாஸ்டர். இந்த வாரத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன். அண்ணனும் நிறுத்தினா சரின்னு தோணுது" என்றார்.

மாஸ்டர் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகி முடித்து, "அவர் இன்னும் ரெண்டு காசு இறக்கப்போறார்னு பேச்சு" என்றார்.

அப்படி ஒரு பேச்சு எங்கேயும் இல்லை. மறுநாள் தம்பி மூன்று காசு இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் இறக்கினார். செவ்வாய்க்கிழமை மாஸ்டர் போய்ப் பார்த்தபோது நகரத்து விலையைவிடப் பத்தொன்பது காசு குறைவு. அவ்வளவு மலிவான பெட்ரோலை அவர் வாழ்நாளில் போட்டதில்லை. குழாயை நான்காவது முறையும் உதறினார்.

அன்றைக்குத் தம்பி இன்னொன்றும் கேட்டார்.

"அண்ணன் ஒரு வாரமா நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்லையே. இங்கேருந்து பார்த்தா முட்டி வீங்கின மாதிரி தெரியுது. காலுக்கு ஏதாவதா?"

அண்ணனின் வலது முழங்காலில் கட்டுப் போட்டிருந்ததை மாஸ்டர் கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோலும் சாய்த்து வைத்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கார்" என்றார்.

வெள்ளிக்கிழமை அண்ணன் பக்கம். அவர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, தூரத்தில் எதையோ பார்ப்பது போல எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு நல்லா இருக்காளாமா? கல்யாணப் படம் ஏதாவது காட்டினானா உங்ககிட்ட?"

தம்பி செல்போனைத் தேய்த்துத் தேய்த்து நாற்பது படம் காட்டியிருந்தார். ஒரு படத்தில் மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பெரியப்பாவுக்குப் போட்டது, கடைசிவரைக்கும் யாரையும் உட்கார விடவில்லை என்று தம்பி சொன்னபோது, தையல்காரம்மாவும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் பேசிக்கலைங்க" என்றார் மாஸ்டர். "வியாபாரம் மட்டும்தான்."

திரும்பி வரும் வழியில், கண்ணாடித் தொழிற்சாலையைத் தாண்டியதும், தையல்காரம்மா கண்ணாடியைப் பார்த்து, இடது இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, வண்டியை ஓரமாக நிறுத்தினார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மாஸ்டர் கதவைத் திறந்து பார்த்தார். டயருக்கும் ஓரக் கல்லுக்கும் நடுவில் சரியாக ஒரு சாண்.

"நல்லா நிறுத்தியிருக்கீங்க" என்றார்.

"ஒண்ணு கேக்கணும் மாஸ்டர். கால் நல்லா இருக்குன்னு ஏன் சொன்னீங்க?"

"அடுத்தவங்க வீட்டு வம்பு நமக்கு எதுக்கும்மா."

"சும்மா இருந்திருந்தா வம்பு வேணாம்னு சொல்லலாம். நீங்க சும்மா இல்லையே. ரெண்டு பக்கமும் கிழிச்சுக்கிட்டே வர்றீங்க."

"நான் எங்கம்மா கிழிச்சேன்? அவங்களா பதினோரு வருஷமா..."

"கிழிஞ்சதைத் தைக்க வேணாம். இன்னும் கொஞ்சம் இழுத்து விடாம இருக்கலாம்ல?"

மாஸ்டர் முன்னால் பார்த்தார். ஒரு தண்ணீர் லாரி போயிற்று.

"லிட்டருக்குப் பத்தொன்பது காசும்மா" என்றார். அதில் எல்லாமே அடங்கிவிட்டது என்பது போல இருந்தது அவர் குரல்.

"டேங்க் எத்தனை லிட்டர்?"

"முப்பத்தஞ்சு."

தையல்காரம்மா ஸ்டியரிங்கின் மேல் விரலால் எழுதிக் கூட்டினார். ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்து மனசிலேயே துணி கணக்குப் போடும் ஆள்.

"ஏழு கூட முழுசா வரலை. ஒரு பேண்ட்டுக்கு ஜிப் மாத்துனா நான் எட்டு வாங்குறேன். ஒரு ஜிப்புக்குக் காணாதே மாஸ்டர்."

சொல்லிவிட்டு வலது இண்டிகேட்டர் போட்டு வண்டியை எடுத்தார். பிறகு வீடு வரும்வரை பேசவில்லை. பொய் சொன்னது மாஸ்டரை அவ்வளவாக உறுத்தவில்லை. பத்தொன்பது காசு என்று தான் இத்தனை நாள் சுமந்து திரிந்தது ஒரு ஜிப்பைவிடச் சிறியது என்பதுதான் உறுத்தியது. அறைக்குள் போய் வரைபடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மனைவி என்ன என்று கேட்டாள். சுண்ணாம்பு அடிக்கணும் போல என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாடம் வேறு பக்கம் என்று சொல்லிவிட மாஸ்டர் நினைத்திருந்தார். ஆனால் டேங்க் காலியாக இருந்தது. போனார்கள்.

அண்ணன் பக்கம் பெட்ரோல் போட்டாயிற்று. குழாயை உதறியாயிற்று. பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே, "என்ன சொல்றான்?" என்று கேட்டார். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள், டிரைவர் சீட்டிலிருந்து தையல்காரம்மா தலையை வெளியே நீட்டினார்.

"உங்க காலைப் பத்திக் கேட்டார்."

பெரியவர் அவரைப் பார்த்தார். இவ்வளவு நாளில் அந்த அம்மாவின் குரலை அவர் கேட்டதே இல்லை.

"யாரு?"

"உங்க தம்பி. முட்டி வீங்கியிருக்கா, காலுக்கு என்னன்னு கேட்டார். போன வாரம். மாஸ்டர் மறந்துட்டார்."

பெரியவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் டேங்க் மூடியைப் பார்த்தார்.

"கல்யாணத்துல உங்களுக்குன்னு மேடையில ஒரு நாற்காலி போட்டு வச்சிருந்தாங்க. படத்துல காலியா இருக்கு. நானே பார்த்தேன்."

பின்னால் ஒரு வேன் வந்து ஹார்ன் அடித்தது. ஊழியர் அதை அடுத்த பம்புக்குப் போகச் சொன்னார்.

"போய்ப் பார்க்கலாம்னாலும்," என்றார் பெரியவர், "இந்தக் காலை வச்சுக்கிட்டு அந்தத் தடுப்பை எப்படித் தாண்டுறது?"

"ஏறுங்க" என்றார் தையல்காரம்மா.

ஊழியர் பின் கதவைத் திறந்தார். பெரியவர் ஊன்றுகோலை முதலில் உள்ளே போட்டு, பிறகு தன்னைப் போட்டுக்கொண்டார். மாஸ்டர் தன் இடத்தில் உட்கார்ந்தார். அவர் காலடியில் பயிற்சி வண்டிகளில் மட்டும் இருக்கும் இரண்டாவது பிரேக் இருந்தது. மிதித்தால் வண்டி நிற்கும். நின்றால் எதையாவது சொல்லி, அம்மா இன்னும் பழகவில்லை, பெரியவரை ஏற்றிக்கொண்டு போகும் அளவுக்குக் கை வரவில்லை என்று இறக்கிவிடலாம். அது முழுப் பொய்யும் ஆகாது.

கார் சாலையில் ஏறியது. தடுப்பில் இடைவெளி இரண்டு கிலோமீட்டர் தள்ளி. மாஸ்டரின் கால் பிரேக்குக்கு மேல், தொடாமல், ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. தப்பு செய்யட்டும் என்று காத்திருந்தார். தையல்காரம்மா கண்ணாடியைப் பார்த்தார். வலது இண்டிகேட்டர் போட்டார். தலையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பஸ்ஸை விட்டு, ஒரு லாரியை விட்டு, அதற்குப் பின்னால் இருந்த இடைவெளியில் வழுக்கிக்கொண்டு போய் வலது லேனில் சேர்ந்தார். கண் பானெட்டில் இல்லை, தூரத்தில் இருந்தது. தடுப்பின் இடைவெளிக்கு முன்னால் இரண்டாவது கியருக்கு வந்து, எதிரே வந்த மூன்று வண்டிகளை விட்டு, ஒரே சுற்றில் திரும்பினார். பின் சீட்டில் ஊன்றுகோல்கூட உருளவில்லை.

மாஸ்டர் இருபத்திரண்டு வருடமாகக் காரணம் இல்லாமல் பிரேக்கை மிதித்ததில்லை. இப்போதும் ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டார்.

எதிர்ப் பங்க்கில் தம்பி வழக்கம்போல வண்டியிடம் வந்து, "எவ்வளவு போடணும் மாஸ்டர்?" என்று கேட்டபடி குனிந்தார். குனிந்தவர் பின் சீட்டைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

பெரியவர் நேரே முன்னால் பார்த்தபடி, "டயருக்குக் காத்து அடிக்கணும்" என்றார்.

"இங்க மெஷின் கிடையாது."

"தெரியும்."

தம்பி பின் கதவைத் திறந்தார்.

"காலு என்ன ஆச்சு அண்ணே?"

"நீர் கோத்திருக்குதாம். ஊசி போட்டு எடுக்கணுங்கிறான்."

"எப்போ?"

"வியாழக்கிழமை."

"கூட யார் வர்றா?"

பெரியவர் ஊன்றுகோலைத் தேடினார். தம்பி அவர் அக்குளில் கையைக் கொடுத்து மெதுவாக இறக்கினார். இறக்கும்போது, "தபால்ல அனுப்பினது தப்புதான்" என்று அண்ணன் காதுக்குக் கேட்கும்படி சொன்னார். "ஸ்டாம்ப்பைப் பார்த்ததும்தான்டா எனக்கு வயிறு எரிஞ்சுது" என்றார் அண்ணன். தம்பி தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, ஆபீஸ் அறையிலிருந்து தனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்தார்.

எல்லாருக்கும் டீ வந்தது. தம்பி செல்போனை எடுத்துப் படங்களைத் தேய்க்க, அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சில படங்களைத் திரும்பப் பின்னால் தள்ளச் சொன்னார். தையல்காரம்மா மணப்பெண்ணின் ரவிக்கைக் கையைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, தையல் கூலி எவ்வளவு வாங்கினார்கள் என்று விசாரித்தார். அநியாயம் என்றார். மாஸ்டர் டீயைக் குடித்து முடித்து, கப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறது என்று கேட்க அங்கே இனி யாரும் இல்லை.

அவர்கள் கிளம்பும்போது தம்பியின் ஊழியர் ஏணி போட்டு விலைப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் அண்ணனின் ஊழியரும் ஏணி போட்டிருந்தார். பத்தொன்பது காசு ஏறியது. அதோடு நிற்கவில்லை. நான்கு மாத நஷ்டத்தைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிவைத்து நகரத்து விலைக்கு மேல் மூன்று காசு வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே விலை.

வழியில் மாஸ்டர் ஒரே ஒரு முறை பேசினார்.

"மறந்துட்டேன்னு சொன்னீங்களே, ஏன்?"

தையல்காரம்மா சிவப்பு விளக்கில் நிற்கும்வரை காத்திருந்தார்.

"வேற என்ன சொல்றது? நீங்க எனக்கு வண்டி சொல்லிக் கொடுத்த ஆளு."

பதினைந்து நாள் கழித்து டெஸ்ட் நடந்தது. வண்டியில் ஏறியது முதல் இறங்குவதுவரை அந்த அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, காது கேட்காதோ என்று சோதிக்க வேண்டியதாயிற்று என்று பரிசோதகர் மாஸ்டரிடம் சொன்னார். பாஸ் போட்டுவிட்டார். கணவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இப்போது தையல்காரம்மாவே ஓட்டிப் போகிறார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மேட்டில் கியர் மாற்று, மாற்று என்று சொல்வதாகவும், தான் மாற்றிவிட்டுச் சும்மா இருந்துவிடுவதாகவும் மாஸ்டரின் மனைவியிடம் சொன்னார்.

மாஸ்டர் சுவரில் இருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டார். அந்தச் சாலைக்கு இனி போக வேண்டியதில்லை என்றுதான் நினைத்தார். அதே வாரம் தம்பி போன் செய்தார். கல்யாணமான பெண்ணும் அவள் புருஷனும் அங்கேயே பக்கத்தில் வீடு பார்த்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் ஓட்டத் தெரியாது. அண்ணன் மகன் ஒருவனும் இருக்கிறான். மூன்று பேருக்கும் மாஸ்டர்தான் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டும், வேறு யாரிடமும் அனுப்ப அண்ணனுக்கு மனசில்லை.

"ரொம்ப தூரமாச்சே" என்றார் மாஸ்டர்.

"நீங்களா தூரம்னு சொல்றீங்க? வாரத்துக்கு ரெண்டு தடவை வந்துட்டுப் போன ஆளு."

மனைவி மேஜைக்குப் பின்னாலிருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று ஃபாரம் எடுத்து வைத்தாள்.

முதல் பாடத்தன்று அவரைப் பார்த்ததும் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். கால் தேவலை, ஊன்றுகோல் இல்லை. ஊழியரை விலக்கிவிட்டுத் தானே குழாயை எடுத்தார்.

"இருக்குதுங்க, பாதி டேங்குக்கு மேல இருக்கு" என்றார் மாஸ்டர்.

"இருக்கட்டும். இவ்வளவு தூரம் வந்துட்டு வெளியில போட்டா எங்களுக்கு என்ன மரியாதை? நீங்க உக்காருங்க."

விமான நிலையத்துச் சாலையை விட்டால், நகரத்திலும் அதைச் சுற்றியும் அன்றைக்கு அதைவிட விலை கூடிய பெட்ரோல் எங்கேயும் விற்கவில்லை. பெரியவர் வழிய வழியப் போட்டார். போட்டு முடித்து, பணத்தை வாங்கி, கணக்காக மீதியைக் கொடுத்தார். தம்பி பெண் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, பெரியப்பா கை காட்டிய பக்கமாக வண்டியை எடுத்தாள். எடுத்ததும் நிறுத்தினாள். திரும்ப எடுத்தாள். மாஸ்டர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவளுக்குக் கிளட்ச் வர மூன்று வாரம் ஆகும் என்று தெரிந்தது. அதற்குள் எத்தனை டேங்க் ஆகும் என்று அவர் கணக்குப் போட்டார்.

மதியம் அறைக்குத் திரும்பியபோது மனைவி தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போட்டீங்க?"

"அங்கதான்."

"என்ன விலை?"

சொன்னார். அவள் ஒரு கணம் கரண்டியோடு நின்றாள். பிறகு அவள் உதட்டோரம் லேசாக ஆடியது. இருபது வருடத்தில் பெட்ரோல் விலையைக் கேட்டு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"சரி, கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.